பிராக் நகரில் முதல் நாள்: நான்கு பேரும் சேர்ந்தே சுற்ற வேண்டுமா?

ஏப்ரல் 4, வாசகி ஒருவரின் கேள்வி

மே மாதம் நானும் கணவரும் பிராக் போகிறோம். ஜெர்மனியிலிருந்து நண்பரும் அவர் மனைவியும் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள். கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம், யூதர் குடியிருப்பு ஆகிய நான்கையும் முதல் நாளிலேயே முடித்துவிட்டால் பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். முடியுமா?

ஏப்ரல் 4, இரவு, என் பதில்

முடியும். கோட்டையிலிருந்து யூதர் குடியிருப்பு வரை நடை தூரம் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனாலும் செய்யாதீர்கள் என்பேன். சென்ற ஆண்டு மே மாதம் நானும் என் மனைவியும், நியூரம்பெர்கில் வேலை பார்க்கும் நண்பரும் அவர் மனைவியுமாக அந்த நகரில் முதல் நாளைக் கழித்தோம். நண்பர் கையில் ஏறத்தாழ இதே பட்டியல் இருந்தது. அதை முழுதும் முடிக்கவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் பேச்சு வருவது பார்த்தவற்றைப் பற்றித்தான்.

முதல் நாளுக்கு நான் சொல்வது இதுதான்: வண்டியில் மேலே ஏறுங்கள், கால்நடையாகக் கீழே இறங்குங்கள். கோட்டை வல்தாவா ஆற்றின் மேற்குக் கரையில் குன்றின்மேல் இருக்கிறது. பழைய நகரம் கிழக்குக் கரையில் சமதளத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் பழைய நகரத்தில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, நடுப்பகலில் குன்றேறி, கோட்டை வாசலுக்குப் போய்ச் சேரும்போது களைத்துவிடுகிறார்கள். அங்கே பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை வேறு. நீங்கள் காலையிலேயே 22-ஆம் எண் டிராமில் ஏறி, கோட்டையையும் தாண்டி, போஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். பக்கத்தில் ஸ்த்ராஹோவ் மடாலயம். அதன் சுவரோரம் நின்றால் சரிவில் பழத்தோட்டம், அதற்குக் கீழே செங்கூரைகள், கோபுரங்கள், ஆறு என்று நாள் முழுவதும் நடக்கப்போகிற வழி மொத்தமும் கண்ணுக்குத் தெரியும். அதன்பிறகு எல்லாமே இறக்கம்தான்.

ஏப்ரல் 5, காலை

டிராம் டிக்கெட் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். காகித டிக்கெட் வாங்கினால் வண்டிக்குள் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து நேரமுத்திரை பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட் செல்லாது. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், அடையாளத்தைக் காட்டிய பிறகுதான் தெரியும். டிராமுக்குள்ளேயே வங்கி அட்டையைத் தொட்டுப் பணம் கட்டும் கருவி இருக்கிறது. அதில் எடுக்கும் டிக்கெட் அந்த நிமிடத்திலிருந்தே செல்லும், தனியாக முத்திரை வேண்டாம். நான்கு பேருக்கு நான்கு டிக்கெட் எடுத்தோமா என்று ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் சேர்ந்து போகும்போது, மற்றவர் எடுத்திருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்வதில்தான் வம்பு தொடங்குகிறது.

ஏப்ரல் 5, மாலை

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செக் குடியரசில் புழங்குவது கொருனா, யூரோ அல்ல. யூரோ வாங்கும் கடைகள் உண்டு, விலை அவர்கள் சொல்வதுதான். எங்கள் நண்பர் ரயிலிலிருந்து இறங்கிய சூட்டில் கண்ணில் பட்ட பணமாற்றுக் கடையில் யூரோவைக் கொடுத்தார். பலகையில் பெரிதாக எழுதியிருந்த விகிதம் வேறு, கையில் வந்த தொகை வேறு. அவர் மனைவி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, “சட்டம் இருக்கிறது, வாருங்கள்” என்று திரும்ப அழைத்துப் போனார். 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. 1000 யூரோவுக்கு மேற்படாத மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். கடைக்காரர் முகத்தைச் சுளித்தபடி எண்ணிக் கொடுத்தார். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

பொதுச் செலவுக்கு நாங்கள் செய்தது: இரு குடும்பமும் சமமாகப் பணம் போட்டு ஒரு பர்ஸ், அதை ஒருவரே வைத்துக்கொள்வது. காபி, டிக்கெட், சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. நீயா நானா என்று பில்லுக்குப் போட்டிபோடும் பேச்சே எழவில்லை. பழகிய நட்பில்கூட இந்த ஏற்பாடு தேவை என்பது என் உறுதியான கருத்து.

ஏப்ரல் 6

“நீங்கள் நான்கு பேரும் நாள் முழுக்கச் சேர்ந்தே இருந்தீர்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன்.

இல்லை. காலையில் சேர்ந்திருந்தோம். புனித வைடஸ் பேராலயத்துக்குள் பிரிந்தோம். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் கட்டி முடித்த கோயில் அது. நண்பர் ஒரு சுற்றில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார், அவருடைய நடை அப்படி. என் மனைவியோ இடப்பக்கம் செக் ஓவியர் அல்போன்ஸ் மூக்கா வரைந்த கண்ணாடிச் சாளரத்தின் முன் நின்றவள் நகரவில்லை. ஓரங்களில் நீலமும் பச்சையும், நடுவே வரவரப் பொன்னும் சிவப்பும். அந்த நடுவில் ஒரு பாட்டியும் சிறுவனும் இருக்கிறார்கள். பாட்டி லுத்மிலா, பேரன் பிற்காலத்தில் நாட்டின் காவல் புனிதரான வென்சஸ்லாஸ். பையன் செவ்வுடையில் இருக்கிறான். கதை தெரியாதவர்களுக்கும் கண் முதலில் அங்கேதான் போகும்.

நண்பர் இருமுறை வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை வந்தபோது நானே சொல்லிவிட்டேன்: “நீங்கள் இருவரும் போய்க்கொண்டிருங்கள், இரண்டு மணிக்குக் கீழே குன்றடிச் சதுக்கத்தில் சந்திப்போம்.” அவருக்கும் முகம் மலர்ந்தது. இதை நேற்றே பேசி வைத்திருக்கலாமே என்று தோன்றியது. ஆகவே உங்களுக்கு என் யோசனை: முதல் நாளிலேயே இரண்டு மணி நேரமாவது தம்பதியாகப் பிரிந்து நடங்கள். புறப்படும் முன்பே பேசி வைத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

ஏப்ரல் 6, பின்னிரவு

விடுபட்டது: கோட்டை வாசலில் தினமும் நண்பகல் 12 மணிக்கு வாத்திய முழக்கத்தோடு காவலர் மாற்றம் நடக்கும். கூட்டம் முழுவதும் அங்கே போய்விடும். அதைப் பார்க்க விருப்பமில்லாதவர்களுக்குப் பேராலயத்துக்குள் போக நல்ல நேரம் அது.

ஏப்ரல் 8

“நண்பர்களோடு போவதே சேர்ந்திருக்கத்தானே? பிரிவதற்கு எதற்குச் சேர்ந்து போக வேண்டும்?” என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அந்த நாளின் மிச்சத்தையும் சொன்னால்தான் என் கருத்து சரியாக விளங்கும்.

கோட்டையிலிருந்து இறங்கும் தெரு நெருதோவா. கவிஞர் யான் நெரூதாவின் பெயரைத் தாங்கியது. சிலியின் பாப்லோ நெரூதா தன் புனைபெயரை இவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார் என்று பரவலாகச் சொல்வார்கள். 1770-இல் அரசி மரியா தெரேசா ஆட்சியில் வீட்டு எண்கள் வரும்வரை வீடுகளுக்கு அடையாளம் வாசல் மேலே செதுக்கிய உருவங்கள்தான். மூன்று வயலின், இரண்டு சூரியன் என்று இன்னமும் இருக்கின்றன. நெரூதா வாழ்ந்தது இரண்டு சூரியன் வீட்டில். நாங்கள் இருவரும் மட்டும் இறங்கிய தெரு இது. என் மனைவி ஒவ்வொரு வாசலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று வயலின்களும் விசிறி விரித்தாற்போலக் கோத்து நிற்பதைக் கண்டதும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பேச யாரும் இல்லாத நேரத்தில் நாங்கள் அதிகம் பேசினோம்.

ஆனால் இரண்டு மணிக்கு நண்பர்களைச் சதுக்கத்தில் பார்த்தபோது, அவர்கள் பார்த்ததை எங்களுக்கும் நாங்கள் பார்த்ததை அவர்களுக்கும் சொல்லத் துடித்தோம். அந்தச் சந்திப்பு இல்லாவிட்டால் பிரிந்ததில் சுவை இல்லை. எனவே ஆறாம் தேதி எழுதியதைக் கொஞ்சம் மாற்றுகிறேன்: பிரியுங்கள், ஆனால் சாப்பாட்டு வேளைக்குக் கட்டாயம் சேருங்கள்.

ஏப்ரல் 8, சற்றுப் பிறகு

வீட்டு எண் என்றதும் ஒன்று. பிராகில் பல வீடுகளுக்கு இரண்டு எண் இருக்கும். சிவப்புப் பலகையில் இருப்பது அந்தப் பேட்டையின் பதிவு எண், நீலப் பலகையில் இருப்பது தெரு வரிசை எண். தங்குமிடம் தேடும்போது நீல எண்ணைப் பாருங்கள்.

ஏப்ரல் 9

சைவ உணவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நண்பரின் மனைவி சைவம். அவர் காலையிலேயே எலுமிச்சை சாதம் கிளறி எடுத்து வந்திருந்தார். பாலத்துக்குக் கீழே கம்பா தீவுப் பூங்காவில், ஆற்றைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்து நான்கு பேரும் சாப்பிட்டோம். கடையில் சாப்பிடுவதென்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக் கட்டி எங்கும் கிடைக்கும், உருளைக்கிழங்கோடு தருவார்கள். பழம் வைத்து வேகவைத்த கொழுக்கட்டை போன்ற உருண்டை ஒன்று உண்டு. பிளம் வைத்தது நன்றாக இருந்தது. மேலே தயிர்க்கட்டியும் சர்க்கரையும் உருக்கிய வெண்ணெயும் போடுகிறார்கள். உருளைக்கிழங்கு சூப்பை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், இறைச்சிச் சாற்றில் செய்வதுண்டு. மேஜையில் தானாக வந்து அமரும் ரொட்டிக் கூடைக்கும் பல இடங்களில் காசு உண்டு. தெருவெங்கும் கம்பியில் சுற்றிச் சுடுகிற உருளை வடிவ இனிப்பு ரொட்டியைப் பழைய பிராக் பலகாரம் என்று விற்பார்கள். அதன் பூர்வீகம் ஸ்லோவாக்கியா, திரான்சில்வேனியா பக்கம். சூடாக இருந்தால் சுவைதான், வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஏப்ரல் 11

சார்லஸ் பாலத்தைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இது நீளும்.

பேரரசர் நான்காம் சார்லஸ் 1357-இல் கட்டத் தொடங்கியது. அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், பதினாறு வளைவுகள், இருபுறமும் முப்பது சிலைகள். அடிக்கல்லை நாட்டிய நேரம் 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், 5 மணி 31 நிமிடம் என்று சொல்லப்படுகிறது. வரிசையாக எழுதினால் ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும். நாள் பார்த்துக் கால்கோள் நடும் ஊரிலிருந்து போன எங்களுக்கு இதைக் கேட்டதும் அந்தப் பேரரசர் சொந்தக்காரராகிவிட்டார்.

கோட்டைப் பக்கமிருந்து வந்தால் இடப்பக்கம் நெபோமுக் நகரத்துப் பாதிரியார் யான் சிலை. 1683-இல் வைத்தது, பாலத்திலேயே பழமையானது. 1393-இல் நான்காம் வென்சஸ்லாஸ் மன்னனின் ஆணைப்படி இவரை ஆற்றில் எறிந்தார்கள். பீடத்தின் வெண்கலப் பலகை தொட்டுத் தொட்டு ஓரிடத்தில் பளபளக்கிறது. எல்லோரும் அங்கே வரிசையில் நின்றார்கள். நண்பரும் நின்றார்.

என் மனைவி நிற்கவில்லை. அவள் வேறொரு சிலையைத் தேடிக்கொண்டு போனாள். அவள் தாய்வழிச் சொந்த ஊர் மணப்பாடு. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். அவர் தங்கிய குகை என்று அந்த ஊரில் இன்றும் காட்டுவார்கள். அதே சவேரியார் இந்தப் பாலத்தில், பழைய நகர முனைக்குச் சற்று முன்னால் வலப்பக்கம் நிற்கிறார். ஃபெர்டினாண்ட் பிரோகோஃப் 1711-இல் செதுக்கியது. கையில் சிலுவை, எதிரே ஞானஸ்நானம் பெற மண்டியிட்ட ஓர் இளவரசன். அவர்கள் நிற்கும் மேடையைக் கீழே கீழ்த்திசை நாட்டவராகச் செதுக்கிய ஆட்கள் தோளில் தாங்குகிறார்கள். ஊர்த் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்களின் தோளும் கழுத்தும் அப்படித்தான் புடைத்திருக்கும் என்று அவள் சொன்னாள். நான் அதுவரை மேலே சவேரியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னபிறகு தூக்குகிறவர்களைப் பார்த்தேன். ஒருவனின் முதுகுத்தசையில் கல் மடிந்து விழுந்திருக்கிறது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கூட்டம் இருபுறமும் போய்க்கொண்டிருந்தது. நண்பரின் மனைவி வந்து, “அக்கா, இவரா உங்கள் ஊருக்கு வந்தவர்?” என்று கேட்டார். அவர் வைணவக் குடும்பம். அவரும் செருப்பைக் கழற்றினார். இருவரும் நின்ற அந்த நேரத்தில் ஆண்கள் நாங்கள் இருவரும் அங்கே தேவைப்படவில்லை.

ஏப்ரல் 11, அதன் தொடர்ச்சி

ஒரு வாசகர் சேர்த்திருக்கிறார்: இப்போது பாலத்தில் இருப்பது மூலச்சிலை இல்லை. ஆம். 1890 வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தபோது சவேரியாரும் எதிரே நின்ற புனித இஞ்ஞாசியாரும் ஆற்றுக்குள் போனார்கள். சவேரியார் 1913-இல் நகலாகத் திரும்பினார். இஞ்ஞாசியார் இடத்தில் இப்போது புனிதர்கள் சிரிலும் மெத்தோடியசும். பாலத்தின் பெரும்பாலான சிலைகள் நகல்கள்தான். மனைவியிடம் இதைச் சொன்னேன். “ஊர்ச் சப்பரத்திலும் மரத்தை எத்தனை தடவை மாற்றியிருப்பார்கள்” என்றாள்.

ஏப்ரல் 12

பாலத்தில் நடந்ததை எழுதியபிறகு என் யோசனை மறுபடி மாறியிருக்கிறது. தம்பதியாகப் பிரியுங்கள் என்றேன். அன்று பிற்பகல் நாங்கள் பிரிந்தது வேறு விதமாக. பெண்கள் இருவரும் கடிகாரத்தடியில் நின்றுகொள்கிறோம் என்றார்கள்; நண்பரும் நானும் அது இருக்கும் நகர மன்றக் கோபுரத்தில் ஏறினோம். யாரும் திட்டமிடவில்லை, அவரவர் விருப்பத்தின்படி தானாகவே அமைந்தது. நினைத்துப் பார்த்தால் அன்றைய பொழுதில் மிக இயல்பான பிரிவு அதுதான். மணம் முடித்தவர்கள் என்பதற்காக ஒரே வேகத்தில் பார்க்க வேண்டுமென்றில்லை. ரசனை ஒத்தவர்கள் சேர்ந்து போகட்டும். நண்பர்கள் கூட வருவதில் உள்ள பெரிய லாபமே, துணைவர் மேல் பாரம் ஏறாமல் இருவரும் தத்தம் விருப்பத்தைப் பார்க்க முடிவதுதான்.

கோபுரத்தில் மின்தூக்கி உண்டு, முட்டிவலி உள்ளவர்கள் தயங்க வேண்டாம்.

ஏப்ரல் 13

கடிகாரம். “ஒரு நிமிடம்கூட இல்லை, ஏமாற்றம்” என்று இங்கே சிலர் எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, சன்னல் திறந்து பன்னிரண்டு சீடர்கள் வலம்வர, பொற்சேவல் கூவி முடிகிற காட்சியைத்தான் எல்லோரும் செல்பேசியில் பிடிக்கிறார்கள். கூட்டம் மேலே பார்க்கும்போது ஜேப்படிக்காரர்கள் கீழே பார்ப்பார்கள், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

1410-இல் அமைத்த கருவி. பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்கு அதைப் படிப்பது எளிது. நீலம் பகல், கருப்பு இரவு. பொற்சூரியன் ராசிச் சக்கரத்தின்மேல் நகர்கிறான். பாதி கருப்பும் பாதி வெள்ளியுமான உருண்டை சுழன்று வளர்பிறை தேய்பிறை காட்டுகிறது. நீலப் பரப்பில் பொற்கோடுகள் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன. கோடையில் அந்த மணி நீளம், குளிரில் குறுக்கம். ராகு காலத்தைப் பகல் பொழுதின் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. வெளிவளையம் சூரியன் மறைந்ததிலிருந்து மணியை எண்ணுகிறது.

நண்பரின் மனைவி ஜாதகம் தெரிந்தவர். மே மாத நடுவில் போனோம். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நம் கணக்கில் சூரியன் இப்போதுதான் ரிஷபத்தில் நுழைகிறார். இவர்கள் ரிஷபத்தை முடிக்கப்போகிறார்கள்.” சரியாகக் கண்டுபிடித்தார். கடிகாரம் சாயன முறை, அதாவது பகலிரவு சமமாகும் நாளிலிருந்து ராசியை எண்ணுவது. நம் பஞ்சாங்கம் நிராயன முறை, நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது. இடைவெளி ஏறத்தாழ 24 பாகை. கடிகாரம் இருக்கும் பழைய நகரச் சதுக்கத்தின் தீன் ஆலயத்தில்தான் 1601-இல் இறந்த வானியலாளர் டைக்கோ பிராஹே அடக்கமாகியிருக்கிறார். அவர் வானத்தைப் பார்த்து எழுதிய குறிப்புகளை வைத்துத்தான் கெப்ளர் பிராகில் இருந்தபோது கோள்களின் நீள்வட்டப் பாதையைக் கண்டு 1609-இல் வெளியிட்டார்.

அந்த நகர மன்றச் சுவரையொட்டித் தரையில் 27 வெண்சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621 ஜூன் 21 அன்று, ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியை எதிர்த்ததற்காக அங்கே கொல்லப்பட்ட 27 பேருக்காக. மிதித்துக்கொண்டு போகிறார்கள். தயவுசெய்து விலகி நடங்கள்.

ஏப்ரல் 15

“பிராகுக்கும் தமிழுக்கும் தொடர்பு சவேரியார் மட்டும்தானா?” இல்லை. கமில் சுவலபில் 1927-இல் பிறந்த ஊர் அது. அங்கே தமிழ் ஆய்வை வளர்த்தவர், 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் கற்பித்தார். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் அதன்பிறகும் யாரொஸ்லாவ் வாசெக் தமிழை விடாமல் நடத்தினார். பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில் யான் பலாக் சதுக்கத்தில் இருக்கிறது. 1969 ஜனவரியில் படையெடுப்பை எதிர்த்துத் தீக்குளித்த மாணவர் பலாக் அந்தப் புலத்தில் படித்தவர். அவர் முகத்தின் வார்ப்பு சுவரில் இருக்கிறது. அன்று மாலை அங்கே போய் நின்றோம். பட்டியலில் இல்லாத இடம். நான் கேட்டேன், மற்ற மூவரும் மறுக்காமல் வந்தார்கள்.

ஏப்ரல் 16

கேட்ட வாசகிக்கு. உங்கள் நாட்களை இப்படி மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை டிராமில் மேலே போய்க் கோட்டை, பேராலயம், நெருதோவா, கம்பா, பாலம். ஞாயிறு காலையில் வழிபாடு இருப்பதால் பேராலயத்துக்குள் நண்பகலுக்குப் பிறகுதான் விடுவார்கள். அதனால் வெள்ளியே நல்லது. சனிக்கிழமை பழைய நகரச் சதுக்கமும் கடிகாரமும். யூதர் குடியிருப்பின் கல்லறையும் தொழுகைக்கூட அருங்காட்சியகங்களும் சனிக்கிழமை மூடியிருக்கும், அதை ஞாயிறுக்கு வையுங்கள். மே நடுவில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடும், அவசரமே வேண்டாம். தரையெல்லாம் கருங்கல் பதித்தது, குதிகால் செருப்பு வேண்டாம். நண்பரிடம் பட்டியலைப் பற்றி இன்றே பேசிவிடுங்கள், விமானத்தில் ஏறிய பிறகு பேசினால் சங்கடம்.